முன் சீட்டுக்காரன்

“மாப்ள, இன்னும் கெளம்பவே இல்ல. அதுக்குள்ள எதுக்கு பிரேக்க இந்தப் புடி புடிக்கிற?”

பின் சீட்டிலிருந்து காலித் கேட்டான். டேனி விரல்களைத் தளர்த்தினான். பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் ரோட்டின் தொடக்கத்தில், இரண்டு பேர் ஓட்டும் நீளமான பந்தய சைக்கிளில் இருவரும் ஒரு காலை ஊன்றி நின்றார்கள். ஹேண்டிலும் பிரேக்கும் முன் சீட்டு டேனியின் பொறுப்பு. பின்னால் இருப்பவன் மிதிக்க வேண்டும், வளைவில் கூடவே உடம்பைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான்.

“பனி எறங்குதா? மூஞ்சியெல்லாம் ஈரமா இருக்கு.”

“பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல.”

“அது உன் சோலி. மிதிக்கிறது என் சோலி,” என்று சிரித்தான் காலித். பழனி பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

டேனிக்கோ இறக்கம் என்றாலே உதறல்தான். கபடி லீக்கில் பேர் வாங்கிய ஆட்டக்காரன் அவன். ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கியபோதுகூட இப்படி உதறியதில்லை. தோள்பட்டை இரண்டாம் முறை இறங்கியதும் அணி அவனைக் கழற்றிவிட்டது. “தொடையில இருக்க பலம் எங்கயும் போயிறாதுடா, சைக்கிளுக்கு வா,” என்று இழுத்து வந்தவர் பயிற்சியாளர் முத்துராஜ்.

“கபடிக்காரனுக்கு எதுக்கு சைக்கிளு?” என்று செண்பகனூரில் சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். மேடு ஏறும்போது அந்தக் கேலியைப் பொய்யாக்கிவிட்டான். இறக்கத்தில்தான் அது உண்மையோ என்று தோன்றியது. கபடி மெத்தையில் விழுந்தால் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். இங்கே விழுந்தால் பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டும்.

இன்று முத்துராஜ் ஜீப்பில் பின்னால் வருகிறார். சவரிக்காடு வரை ஒழுங்காக இறங்கினால் இந்த ஜோடிக்கு மாநில அணியில் இடம். இல்லையென்றால் லாட்ஜ் வாசலில் நின்று டூரிஸ்டுகளைக் கூப்பிடும் வேலைதான். மனைவி பிரின்ஸியிடம் அதை எந்த வாயால் சொல்வது?

“பயந்தவன முன்னாடி உக்கார வெக்க மாட்டேன். ரெண்டு உசுருடா,” என்று நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார் முத்துராஜ்.

அதுதான் சிக்கல். பயம் வந்தால் டேனியின் வாய் தானாகப் பாட ஆரம்பித்துவிடும். எதிரணிப் பக்கம் கால் வைத்தது முதல் திரும்பி வரும்வரை மூச்சு விடாமல் பாடிய கபடிக்காரன் பழக்கம். ஒவ்வொரு வளைவையும் ‘கபடி கபடி’ என்று முனகிக்கொண்டேதான் கடப்பான். வளைவு முடிந்தால்தான் வாய் ஓயும். காலித் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. காற்றில் கேட்டிருக்காது என்று டேனி நிம்மதியாக இருந்தான். இன்றோ முத்துராஜ், ஜீப்பில் இருந்தபடி கேட்பதற்காக, அவன் சட்டையில் ஒரு மைக்கைச் செருகிவிட்டிருந்தார். ஒரு ‘கபடி’ காதில் விழுந்தாலும் குட்டு உடைந்துவிடும்.

“போலாமா?” என்றான் காலித்.

சைக்கிள் இறங்கியது. “இடது,” என்று குரல் கொடுத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான் டேனி. சின்ன வளைவு. எப்படியோ தாண்டியாயிற்று. அடுத்ததும் அப்படியே. தொண்டை வரை வந்த பாட்டை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

மூன்றாவது, நீளமான கொண்டை ஊசி வளைவு. “வலது.”

இருவரும் சாய்ந்தார்கள். பாதி வளைவில், என்ன நினைத்தானோ, காலித் சட்டென்று நிமிர்ந்துவிட்டான். சைக்கிள் துள்ளி, தடுப்புச் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைப் பனி. டேனி இரண்டு பிரேக்கையும் இறுக்கினான். டயர் வழுக்கி, தேய்ந்து, சுவரில் உரசி நின்றது.

ஜீப்பிலிருந்து முத்துராஜ் ஓடி வந்தார். “அடிபட்டுச்சாடா? யார் தப்பு இது?”

“என் தப்புதான் சார்.” டேனி பிரேக்கிலிருந்து கையை எடுத்தான். இனி மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. “ஒவ்வொரு வளைவும் எனக்குப் பயம் சார். பயத்துல கபடி பாடுவேன். இன்னைக்கி உங்களுக்குக் கேட்டுரும்னு வாய மூடிக்கிட்டேன். அந்த நெனப்புலயே கோட்ட விட்டுட்டேன். கபடிக்காரன் கபடிக்குத்தான் லாயக்கு. வேற ஆளப் பாருங்க சார். என்னால காலித் சாகக் கூடாது.”

முத்துராஜ் சுவருக்கு மேல் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பின் சீட்டுப் பக்கம் திரும்பினார்.

“உன் உசுரு காலித். நீயே சொல்லு. தைரியமான ஆளா ஒருத்தன வெரசாப் பாக்கட்டுமா?”

“வேணாம் சார். இவனுக்கு முன்னாடி நீங்க குடுத்த ரெண்டு பேரும் தைரியசாலிகதான். இடது வலதுன்னு ஒரு சொல்லு, அத்தோட சரி. ரெண்டு பேரோடயும் விழுந்து எந்திரிச்சேன். இவன் பாடுனா சாயுவேன், பாட்ட நிறுத்துனா நிமிருவேன். இன்னைக்கிப் பாட்டே இல்ல, வளைவு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேன்.”

டேனி திரும்பி அவனைப் பார்த்தான்.

“ரெண்டு கண்ணுல ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்சா, தைரியமான ஆளே போதும்னு சொல்லிருவேன் சார்,” என்றபடி காலித் கையை நீட்டி, காற்றில் துழாவி, டேனியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.