எப்போதும் சிரித்த முகம்

காலை மணி அடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பு டேப்லெட்டில் தன் மனநிலைக்கேற்ற முகத்தைத் தொட வேண்டும். சிரித்த முகம், உம்மென்ற முகம், அழுத முகம். அழுத முகத்தைத் தொட்ட பிள்ளையை ஆலோசகர் முதலில் பார்ப்பார். வகுப்பாசிரியை தலைமையாசிரியையிடம் போய் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஒரே வாரத்தில் பள்ளிக்கூடமே சிரிப்பாய்ச் சிரித்தது. தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஆண்டு விழாவுக்கு முன் எட்டாம் வகுப்பு ஆசிரியையை அழைத்தார்.

"வருஷம் முழுக்க ஒருநாள்கூட முகம் சுளிக்காத பிள்ளை உங்க வகுப்புலதான் இருக்கு டீச்சர். ஆனந்தக் கோப்பை அவளுக்குத்தான்!" என்று திரையில் பெயரைக் காட்டினார். "அவங்க அம்மாவையும் வரச் சொல்லுங்க."

ஆசிரியை அந்தப் பெயரை இன்னொருமுறை படித்தார்.

"வர மாட்டாங்க மேடம். 'என் பொண்ணு தினமும் அழறா, யாராவது பேசுங்க'ன்னு உங்ககிட்ட வந்து நின்னாங்களே, அந்தம்மாதான். நீங்க இதே திரையைக் காட்டி, 'நல்லா சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா'ன்னு அனுப்பிட்டீங்க. மறுவாரமே பொண்ணை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டாங்க."

"அப்போ இன்னிக்குக் காலையில சிரிச்சது யாரு?"

"இங்க இருந்தவரைக்கும் அவ எப்பவும் அழுத முகத்தைத்தான் தொடுவா மேடம். உங்களுக்கு விளக்கம் சொல்லப் பயந்துக்கிட்டு, தினமும் நான்தான் அதைச் சிரிப்பா மாத்திட்டிருந்தேன்." ஆசிரியை தன் ஆள்காட்டி விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "பொண்ணு போயிட்டா. கைப்பழக்கம்தான் போகல."