எட்டாயிரம்

நேர்ப்பாதை பைக் பந்தயங்களில் ரோசலின் எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்தாள். முதலில் வருபவன் அவள் கணவன் எட்வின். அதில் அவளுக்குப் பெருமைதான். ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே அவன்தானே. "இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற முள்ளு எட்டாயிரத்தைத் தொட்டதும் அடுத்த கியருக்குப் போயிடு ரோசி. அதுக்கு மேல இன்ஜின் சும்மா கத்தும், இழுக்காது" என்பான். அவள் ஒருமுறைகூட மீறியதில்லை.

அன்று மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதால், முதன்முறையாகத் தடுப்புக்கு வெளியே நின்று அவன் ஓட்டுவதைப் பார்த்தாள். இன்ஜினின் குரல் அவளுக்குப் பழகிய உயரத்தை எட்டியதும் அவள் இடதுகால் தானாகவே கியர் மாற்ற அசைந்தது. அவன் மாற்றவில்லை. குரல் மேலே ஏறிக்கொண்டே போனது, பைக் இன்னும் வெறியோடு பாய்ந்தது, அதன் பிறகுதான் கியர் மாறியது. அடுத்த கியரிலும் அப்படியே. வீட்டில் அவனுடைய கோப்பைகளைத் துடைத்துத் துடைத்து வைத்த கைகள் தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டன.

எட்வின் ஹெல்மெட்டைக் கழற்றியபடி சிரித்துக்கொண்டே வந்தான். "பாத்தியா ரோசி? கரெக்டா எட்டாயிரத்துல மாத்துனேன்."

"பாக்கல" என்றாள் ரோசலின். "கேட்டேன்."

அவன் ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டான்.