வளையல் பாக்கி

கல்தச்சர் ஆவுடையின் முழங்கையை நூலால் அளந்தார். "இன்னும் கொஞ்சம் தூக்குங்க தாயி." அவள் தூக்கினாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்து விழுந்தன. சண்டையில் வயிற்றில் ஈட்டி பாய்ந்து வந்த அவள் புருஷன் உள்ளே கிடந்தான். இனித் தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். புருஷனோடு தீயில் இறங்கிய பெண்களுக்கெல்லாம் அந்த வம்சத்தில் ஆளுக்கொரு கல் உண்டு. கல்லில் முகம் இருக்காது. வளையல் போட்ட கை மட்டும் மேல்நோக்கி நிற்கும். மாமனார் பார்த்துப் பார்த்து நல்ல கல்லாகத்தான் எடுத்திருந்தார்.

மறுநாள் உச்சிவெயிலில் அவன் கண் திறந்து கஞ்சி கேட்டான். காய்ச்சல் விட்டு நெற்றி வியர்த்திருந்தது. ஆவுடை வாசலுக்கு ஓடினாள். "மாமா, கஞ்சி கேக்காக! பிழைச்சுக்கிட்டாக!"

மாமனார் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கல்லைப் பார்த்தார். விரல்கள் முடிந்திருந்தன. வளையல்தான் பாக்கி.

"இத என்ன செய்யட்டும்யா?"

"எடுத்த கல்லப் பாதியில விடப்படாதுப்பா. முடிச்சிரு. கிடக்கட்டும்," என்றார் மாமனார். அவளை அவர் பார்க்கவில்லை.

அவள் கஞ்சியை ஆற்றிப் புருஷனுக்குப் புகட்டினாள். வெளியே மறுபடி உளிச்சத்தம் கேட்டது; கொஞ்சம் கஞ்சி அவன் கழுத்தில் வழிந்தது. இரண்டு மிடறு குடித்துவிட்டு, "வெளிய என்ன சத்தம்?" என்றான்.

"அம்மி கொத்துறாக."

"சீக்கிரம் முடிக்கச் சொல்லு," என்று கண்ணை மூடிக்கொண்டான். "தூங்கணும்."