தண்ணீருக்குள் ஒரு மாலை

மொன்டானாவில் அந்த ஏரிக்கரை முகாமைத் தேர்ந்தெடுத்தவள் வெர்னா. அவள் தம்பி டுவைட்டுக்கு நெடுஞ்சாலையோரமாகத் தங்கினால் போதும். வெர்னாவின் சின்னப் பெண் டெஸ்ஸிடம் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். சமையலறையும் படுக்கையும் கொண்ட அந்த நீள வண்டியைப் பைன் மரங்களுக்கு நடுவே ஒரே மூச்சில் பின்னோக்கிச் செலுத்தி வெர்னா நிறுத்தியதும் பக்கத்துக் குடும்பங்கள் கைதட்டின.

தண்ணீர் மொள்ளப் போன டுவைட் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இங்க வாயேன். தண்ணிக்குள்ள நாம ஏற்கெனவே சாப்பிட்டுட்டு இருக்கோம்."

வெர்னா எட்டிப் பார்த்தாள். பனிமலை தலைகீழாகத் தெரிந்தது. கூடவே வண்டி, மேசை, எரியும் அடுப்பு, சிரித்துக்கொண்டிருக்கும் அவர்கள். கரையிலோ மேசையை இன்னும் இறக்கவே இல்லை.

"ரெண்டாவது தடவையா சோளம் வாங்கித் திங்கிறே பாரு. இடம் மோசம்னு சொன்ன வாயாடா அது?"

"கிளம்பிடலாம்க்கா."

"எதுக்கு? எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்! மேசைய எறக்கு."

இருட்டுவதற்குள் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெர்னா மறுபடியும் ஏரியைப் பார்த்தாள். இப்போது தண்ணீருக்குள் அவர்கள் இல்லை. அதே இடத்தில் வேறொரு வண்டி பின்னோக்கி வந்து ஒரே மூச்சில் நின்றது. நரைத்த தலையோடு இறங்கியவளிடம், கரையில் வெர்னாவின் பக்கத்தில் சோளம் கடித்துக்கொண்டிருந்த டெஸ்ஸின் சிரிப்பு அப்படியே இருந்தது. பின்னாலேயே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இறங்கினார்கள்.

"எம்பொண்ணு இடத்த விடல பாருடா," என்று வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கூட்டத்தில் தன்னை அவள் தேடவில்லை.