எட்டுத் துண்டு ஜிலேபி மீன்

"இன்னொரு துண்டு வைக்கட்டுமா மாப்பிள்ளே?"

ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். யாரா இருந்தாலும் 'போதும் அத்தே'ம்பாங்க. எங்க மாப்பிள்ளை பிரகாஷ் தட்டை நீட்டிட்டாரு!

"வைங்க அத்தே."

அஞ்சாவது துண்டு அது. சட்டில இருந்ததே எட்டு.

மர்பி டவுன்ல எங்க வீட்ல மாப்பிள்ளை சாப்ட்டு எழுந்தப்புறம்தான் மத்தவங்க உக்காருவோம். என் பொண்ணு மகா ஏழு மாசம். "ஏரி மீன் கொழம்பு வேணும்மா"ன்னு ஒரு வாரமா கேட்டுட்டிருந்தா. அவளுக்காகத்தான் என் வீட்டுக்காரர் விடியக்காலைலயே தூண்டிலைத் தூக்கிட்டுப் போய் ரெண்டு ஜிலேபி மீனோட வந்தாரு.

அவ அடுப்படில எச்சில் முழுங்கிட்டு நிக்கறா. இந்த மனுசன் நிமிர்ந்துகூடப் பாக்கல. ஆறு, ஏழு, எட்டு. சட்டியை வாங்கி மிச்சக் கொழம்பையும் வழிச்சு ஊத்திக்கிட்டாரு!

என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தியா சின்னத்தாயி, மாப்பிள்ளை என் மீனை ஒரு கை பாக்கறாரு!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. புள்ளத்தாச்சிக்கு ஒரு துண்டு வைக்கத் தோணலியே! படிச்சு, லேப்ல வேலை பாத்து என்ன பிரயோஜனம்?

கை கழுவப் பின்பக்கம் போனாரு. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுரலாம்னு நானும் போனேன். அதுக்குள்ள மகா அங்க அழுதுட்டு நின்னா.

"எனக்கு ஒரு துண்டு வைக்கக்கூட மனசு வரலியா?"

"கத்தாதே மகா, மாமா காதுல விழும். அந்த ஏரி மீனை எங்க லேப்ல டெஸ்ட் பண்ணி, நேத்துதான் ரிசல்ட் வந்துச்சு. ஆஸ்பத்திரிக் கழிவெல்லாம் அதுலதான் விழுது. ஆன்டிபயாடிக் மருந்து மீன் சதைலயே ஊறிக் கெடக்கு. அதுல இருக்கற கிருமியை எந்த மாத்திரையும் கொல்ல மாட்டேங்குது. கொழம்புல கொதிச்சா கிருமி சாகும், மருந்து எங்க போகும்? வயித்துல புள்ளையோட நீ திங்கலாமா?"

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"நான் வர்றதுக்குள்ள கொழம்பு கொதிச்சிருச்சு. பொண்ணுக்காகப் பாவம், காலைலேருந்து வெயில்ல காஞ்சிருக்காரு. அந்த மூஞ்சைப் பாத்து எப்படிச் சொல்றது?"

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"எனக்கென்ன, என் வயித்துல புள்ளையா இருக்கு?"

கதவோரம் நின்ன எனக்குக் கண்ணு ரொம்பிடுச்சு. இவரையா திட்ட வந்தேன்!

உள்ளேருந்து என் வீட்டுக்காரர் குரல் குடுத்தாரு. "சின்னத்தாயி! மகாவுக்கு ஒண்ணும் மிஞ்சலியே. நாளைக்கும் ஏரிக்குப் போயிட்டு வரட்டுமா?"

"ஐயோ, வேணாங்க!" அலறிட்டே ஓடினேன். "மாப்பிள்ளை வேண்டிக்கிட்டிருக்காராம். கொழந்தை பொறக்கற வரைக்கும் நம்ம வீட்ல யாரும் மீனைத் தொடக் கூடாதாம். அதான் இன்னிக்கே மொத்தமாத் தின்னுட்டாரு!"