சிவப்புப் பொத்தான்

மூடிய ஆலையின் கழிவு இரும்பையெல்லாம் சேர்த்து, ஆள் உயரத்துக்கு ஒரு தொழிலாளி சிலை செய்திருந்தார் சிற்பி. தலைக்குப் பல்சக்கரம், விரலுக்குச் சங்கிலி. நெஞ்சில், பழைய பிரஸ் மிஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான்.

அதைப் பார்த்ததும் ஆலையின் பழைய எலக்ட்ரீஷியன் இரண்டடி பின்வாங்கினார். பக்கத்தில் நின்றவர் அவர் தங்கை புருஷன். அந்த மிஷினில் வலக்கையைப் பறிகொடுத்தவர்.

“அமுக்குங்க, விளக்கு எரியும்” என்றார் சிற்பி.

“வேணாம் மாப்ள, வா போலாம்.”

“இருங்க மச்சான். என்னைவிட இவனுக்கு ஒரு கை கூடுதல்!” சிரித்தபடி மாப்பிள்ளை இடக்கையால் அமுக்கினார். விளக்கு எரிந்தது.

“நான் போட்ட ஒயர்தான். இதை மிஷின்லேர்ந்து கழட்டும்போது பொத்தானுக்கு ஒயரே இல்ல, அமுக்கினாலும் மிஷின் நிக்காது. பொத்தானுக்கு வர வேண்டிய ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தி வச்சிருந்தாங்க” என்றார் சிற்பி.

முறுக்கியவர் எலக்ட்ரீஷியன்தான். பொத்தானில் கை பட்டு மிஷின் அடிக்கடி நிற்கிறதென்று சூப்பர்வைசர் கத்தியதால் செய்தார். விபத்துக்குப் பிறகு விசாரணையில் மாப்பிள்ளை, “பொத்தானை அமுக்க மறந்துட்டேன், தப்பு என்னோடது” என்று சொல்லிவிட்டார். அமுக்காத பொத்தானுக்கு ஒயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பதினெட்டு வருஷமாக அந்த நினைப்பில்தான் மச்சான் ராத்திரி தூங்கினார்.

மாப்பிள்ளை பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அன்னிக்கும் அமுக்கினேன் மச்சான். மூணு தடவை.”

“அப்ப… மறந்துட்டேன்னு ஏன் சொன்ன?”

“என் கை போனது போச்சு. உங்க தங்கச்சிக்கு அண்ணனும் போகணுமா?”