அடியில் விரித்த அட்டை

களை முளைக்காமல் இருக்க, தானே ஆணியடித்துச் செய்த பலகைப் பாத்தியின் அடியில் அட்டையை விரித்தாள் தையல்காரி. மேலே மண்ணைக் கொட்டி, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள். மறுநாள் காலை அட்டை மண்ணுக்கு மேலே நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால், அவளுடைய கைத்தடங்கள் கலையவே இல்லை.

நாத்தனாரைத்தான் முதலில் முறைத்தாள்.

"எனக்கு வேற வேலை இல்லையா அண்ணி?"

மண்ணை அள்ளி, அட்டையை மறுபடி விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்து மூடினாள். விடிந்தபோது அட்டை மேலே இருந்தது. செங்கற்கள் அதன்மேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"விட்டுடுங்க அண்ணி. அதுக்குப் பிடிக்கல போல."

"எனக்கும்தான் எத்தனையோ பிடிக்கல. நான் யார் அட்டையை எடுத்து மடிச்சேன்?"

இந்த முறை அட்டையைப் பலகையோடு சேர்த்து ஆணியடித்தாள். மண்ணை ஓங்கித் தட்டினாள்.

காலையில் அட்டை மேலே வரவில்லை. ஆனால் நேற்றுக் குழிந்திருந்த கைத்தடங்கள் இரண்டும், விரல் விரலாக, மேடிட்டு நின்றன.

தையல்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். விரல்மேல் விரல் பொருந்த இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். அடியிலிருந்து அதுவும் அதே பலத்தோடு அழுத்தியது.

கையை எடுக்காமலே நாத்தனாரிடம் திரும்பிச் சொன்னாள்:

"தக்காளி நாத்தை எடுத்துட்டு வா. நான் இதைப் பிடிச்சுக்கறேன், நீ நடு."